பழைய பிக்கப்புக்கு வீல் தேடும்போது இணையத் தேடுபெட்டியை எவ்வளவு நம்பலாம்?

வீல் விற்கும் இணையதளம் எதைத் திறந்தாலும் முகப்பிலேயே ஒரு தேடுபெட்டி இருக்கும். வருடம், கம்பெனி, மாடல், டிரிம் (அந்த மாடலின் வகை) என்று நான்கு கட்டங்களை நிரப்பினால் கீழே வரிசையாக வீல்கள் வரும். ஒவ்வொன்றின் மேலும் ‘உங்கள் வண்டிக்குப் பொருந்தும்’ என்று ஒரு பச்சை டிக். புது வண்டிக்கு இந்த டிக்கைப் பெரும்பாலும் நம்பலாம். இருபது, முப்பது வருடம் ஓடிய பிக்கப்புக்கு அது பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதியை விட்டுவிட்டோம் என்று எங்கேயும் சொல்வதுமில்லை.

வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தது என்பது மட்டும்தான் அந்தப் பெட்டிக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாரோ பின் ஆக்ஸிலை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கலாம். முன்பக்க டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் வைத்திருக்கலாம். வீல் நட் ஏறும் போல்ட்டான ஸ்டட் உடைந்தபோது கையில் கிடைத்த வேறு மரையில் அடித்திருக்கலாம். ஆகவே இந்தப் பெட்டிகளை மதிப்பிடும்போது எதைச் சரியாகச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

சரியாகச் சொல்வது பிசிடி. நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் அது. 5×139.7 என்றால் ஐந்து துளை, 139.7 மி.மீ. விட்டம். பிக்கப்புகளில் இந்த அளவு வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது, அந்த மாற்றங்களை நல்ல பெட்டிகள் ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கின்றன. ஃபோர்டு எஃப்-150 ஐ எடுத்துக்கொண்டால் 1996 வரை 5×139.7, 1997 முதல் 2003 வரை 5×135, 2004 முதல் 6×135. செவர்லே 1988–98 வரிசையில் ஒரே வருடத்து 1500 வண்டியிலேயே இரண்டு உண்டு: இரு சக்கர ஓட்டம் (2WD) என்றால் 5×127, நான்கு சக்கர ஓட்டம் (4WD) என்றால் 6×139.7. 1995–2004 டொயோட்டா டகோமாவில் சாதாரண இரு சக்கர ஓட்ட வண்டிக்கு 5×114.3, நான்கு சக்கர ஓட்டத்துக்கு 6×139.7. நிஸான் நவாராவில் டி22 தலைமுறை வரை 6×139.7, அடுத்த டி40 தலைமுறை வந்ததும் 6×114.3. எட்டுத் துளை வண்டிகளிலும் இதே கதைதான். ஃபோர்டு சூப்பர் டியூட்டி 1999 இல் 8×170 க்குப் போனது, அதற்கு முந்தைய எஃப்-250, எஃப்-350 எல்லாம் 8×165.1. ஜிஎம் 2500 வண்டிகள் 2010 வரை 8×165.1, 2011 முதல் 8×180.

பெட்டி தடுக்கி விழும் இடங்களும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கின்றன. 2004 இல் ஃபோர்டு புது உடல் எஃப்-150 ஐயும் பழைய உடலை ‘ஹெரிடேஜ்’ என்ற பெயரிலும் பக்கத்தில் பக்கத்தில் விற்றது. வருடக் கட்டத்தில் 2004 என்று போட்டு டிரிம்மைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஐந்து ஸ்டட் வண்டிக்கு ஆறு துளை வீல் வந்து இறங்கும். அது கண்ணுக்கே தெரியும் பிழை என்பதால் ஆபத்தில்லை, பார்சல் செலவோடு போகும். 1997–98 இலேசான எஃப்-250 க்கு ஏழு ஸ்டட். அந்த வண்டிக்கு ‘எட்டுத் துளை’ காட்டும் பெட்டி எதையாவது பார்த்தால், அதன் மற்ற விவரங்களையும் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

ஆபத்தான பிழை கண்ணுக்குத் தெரியாதது. 5×135 வீலை 5×139.7 ஹப்பில் (வீல் வந்து உட்காரும், ஸ்டட்கள் உள்ள நடுப்பகுதியில்) மாட்டப் பார்த்தால், தளர்ந்த துளைகளுள்ள வீல் என்றால் உள்ளே போய்விடும். நட்டும் மரையைப் பிடித்துவிடும். ஆனால் நட்டின் கூம்பு துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் உட்காரும். இறுக்க இறுக்க ஸ்டட் வளையும். ‘நட் ஏறிவிட்டது, அப்படியானால் பொருந்திவிட்டது’ என்ற கணக்கு இங்கேதான் தப்புகிறது. சில நூறு கிலோமீட்டரில் நட் தளரும், அல்லது ஸ்டட் கழுத்தோடு அறுந்து போகும்.

அதனால் பிசிடியைப் பெட்டி சொன்னாலும் வண்டியில் ஒருமுறை அளந்துவிட வேண்டும். முன், பின் இரண்டு ஆக்ஸிலையும் தனித்தனியாக. ஆறு, எட்டு ஸ்டட் என்றால் நேரெதிர் ஸ்டட்கள் இரண்டையும் பார்த்து, ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை அளந்தால் அதுவே பிசிடி. ஐந்தில் நேரெதிர் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்கள் இரண்டின் மையத் தூரத்தை எடுத்து 1.701 ஆல் பெருக்க வேண்டும். இரண்டிலும் இடது விளிம்பையே குறியாக வைத்து அளந்தால் மையத் தூரம் தானாகக் கிடைக்கும். 74.6 மி.மீ. வந்தால் 5×127, 79.4 வந்தால் 5×135, 82.1 வந்தால் 5×139.7. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மி.மீ. கூட இல்லை என்பதால் டேப் இங்கே உதவாது. வெர்னியர் வேண்டும். பிளாஸ்டிக் தகட்டில் துளை போட்டு விற்கிற பிசிடி கேஜ்கள் வீலை அளக்கப் பரவாயில்லை. ஹப்பை அளக்கும்போது தகடு வளைந்து கொடுப்பதால், 135 ஐயும் 139.7 ஐயும் பிரித்துக் காட்டும் என்று அவற்றை நம்ப முடியாது. வெர்னியர் இருக்கும் வீட்டுக்கு அந்த கேஜ் தேவையில்லை.

அடுத்தது நடுத்துளை. பெரும்பாலான பெட்டிகள் இங்கே பாஸ் மார்க் வாங்குவதில்லை. 6×139.7 என்பது பல பிக்கப்புகளின் அளவு, ஆனால் நடுவிலுள்ள ஹப்பின் விட்டம் ஆளுக்கொன்று. மிட்சுபிஷி டிரைட்டன் 67.1 மி.மீ., 1999 க்குப் பிந்தைய ஜிஎம் 1500 வண்டிகள் 78.1, ஃபோர்டு ரேஞ்சர் டி6 வரிசை 93.1, டொயோட்டா ஹைலக்ஸ், டகோமா 106.1. டிரைட்டனிலிருந்து கழற்றிய வீலை ஹைலக்ஸில் வைத்தால் அது ஹப்பிலேயே முட்டி நிற்கும், எந்த வளையமும் இதைக் காப்பாற்றாது. ஹைலக்ஸ் வீலை டிரைட்டனில் வைத்தால் நுழைந்துவிடும், ஆனால் சுற்றிலும் 19.5 மி.மீ. இடைவெளி. ‘6×139.7 – எல்லா வண்டிக்கும்’ என்ற விளம்பர வரியைப் பார்த்தால் அடுத்து தேட வேண்டியது நடுத்துளை அளவைத்தான். அது எழுதப்படவில்லை என்றால் அந்த வீலைக் கடந்து போய்விடலாம்.

பழைய நான்கு சக்கர ஓட்டத்தில் இன்னொரு சங்கதி உண்டு. முன் ஹப்பில், முன் வீலை ஓட்டத்தோடு இணைக்கக் கையால் திருப்பும் லாக்கிங் ஹப் இருந்தால் அது வீலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஃபுல் ஃப்ளோட்டிங் (ஆக்ஸில் தண்டு பாரம் தாங்காத கனரக வகை) பின் ஆக்ஸிலிலும் அப்படியே. எனவே ஹப்பின் அடி விட்டத்தோடு சேர்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் மிகப் பெருத்த இடத்தையும், அது வீல் உட்காரும் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பதையும் அளக்க வேண்டும். நடு மூடி பூட்டிய அலாய் வீல் இங்கே அழகாக இருக்கலாம், மூடி மாட்டாது. வீலின் நடுத்துளை உள்ளே போகப் போகச் சிறுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முகத்தில் 106 இருந்து, மூடி உட்காரும் இடத்தில் 95 ஆகக் குறுகிய வீல்கள் கிடைக்கின்றன, பெட்டிகளோ முகத்து அளவை மட்டும் எழுதுகின்றன.

துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் போடலாமா? போடலாம். வளையம் பாரம் தாங்குவதற்கு அல்ல. நட் இறுகும் வரை வீலை மையத்தில் பிடித்து வைப்பதே அதன் வேலை. பிளாஸ்டிக் வளையம் மலிவு, துரு பிடிக்காது, ஆனால் பாரம் ஏற்றி மலையிறங்கும் வண்டியின் பிரேக் சூட்டில் இளகிவிடும். அலுமினிய வளையம் சூட்டைத் தாங்கும், ஹப்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் குறை. மாட்டும் முன் ஹப்பை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, வளையத்தின் உள்முகத்தில் கிரீஸை மெல்லத் தடவினால் போதும். அந்தக் கிரீஸ் ஸ்டட்டுக்கோ வீல் உட்காரும் முகத்துக்கோ போகக் கூடாது.

இனி ஆஃப்செட். அதிகம் பேசப்படுவதும் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வீலின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், வீல் உள்ளே போகும். முகம் உட்பக்கம் இருந்தால் மைனஸ், வீல் வெளியே வரும். பழைய பிக்கப் வீல்களில் ஆஃப்செட் எண் பொறித்திருக்காது. பேக்ஸ்பேசிங்கை அளந்துதான் கணக்குப் போட வேண்டும். வீலைக் கவிழ்த்து, பின் விளிம்பின் மேல் ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து, அங்கிருந்து ஹப் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று பார்த்தால் அது பேக்ஸ்பேசிங். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 15×8 வீல் என்றால் டயர் உட்காரும் இடத்தின் அகலம்தான் 8 அங்குலம். இரு பக்க உதட்டையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 9 அங்குலம். ஆகவே பாதி 4.5. பேக்ஸ்பேசிங் 3.75 என்றால் 3.75 – 4.5 = –0.75 அங்குலம், அதாவது –19 மி.மீ. உதட்டைச் சேர்க்காமல் 8 ஐப் பாதியாக்கினால் –6 என்று தப்பான விடை வரும், பதிமூன்று மி.மீ. பிசகும்.

கணக்கை முடிவுவரை போட்டுப் பார்த்தால்தான் பெட்டியின் பலவீனம் தெரிகிறது. பழைய வீல் 15×7, பேக்ஸ்பேசிங் 4 அங்குலம், ஆஃப்செட் 0. புதியது 15×8, –19. அகலம் ஒரு அங்குலம் கூடியதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. வளர்கிறது. ஆஃப்செட் 19 மி.மீ. வெளியே தள்ளுகிறது. வெளி விளிம்பு 31.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 6.3 மி.மீ. ஸ்பிரிங்கிலிருந்து விலகும். உள்ளே இடம் கிடைத்துவிட்டது, நிம்மதி என்று தோன்றும். ஆனால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது வெளியே வந்த டயர் பெரிய வட்டத்தில் சுழன்று, மட்கார்டின் பின் மூலையிலோ பம்பர் முனையிலோ உரசும். வீல் பேரிங் மேலுள்ள நெம்புதல் கூடும். பள்ளத்தில் ஒரு வீல் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறும். பெட்டிகள் பொதுவாக ஒரு ஆஃப்செட் எல்லையைக் கொடுத்து அதற்குள் இருந்தால் டிக் போட்டுவிடுகின்றன. அந்த எல்லை எந்த வீல் அகலத்துக்கு என்று சொல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எதிர்த்திசையிலும் இதே தொல்லை. புது வண்டியிலிருந்து கழற்றிய வீல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சமீப காலத்து 6×139.7 வீல்களில் ஹைலக்ஸ் விகோவுக்கு +30, ரேஞ்சர் டி6 க்கு +55 என்று ஆஃப்செட் உயர்ந்திருக்கிறது. ஆஃப்செட் 0 உள்ள 15×7 வீல் ஓடிய வண்டியில் 17×7.5, +30 வீலை வைத்தால் உள் விளிம்பு சுமார் 36 மி.மீ. உள்ளே போகும். முன்பக்கம் ஸ்டீயரிங் ராடின் முனையோ மேல் பால் ஜாயின்ட்டோ, பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டையோ அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும். 36 மி.மீ. இடம் பழைய வண்டி எதிலும் சும்மா கிடப்பதில்லை.

வாங்கும் முன் வண்டியில் பார்க்க வேண்டியது இது. இப்போது மாட்டியிருக்கும் டயரின் உட்சுவருக்கும் மிக நெருங்கிய உலோகத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று மூன்று நிலைகளில் அளக்க வேண்டும்: நேராக, இடது முழுத் திருப்பம், வலது முழுத் திருப்பம். பின்பு கணக்கில் வந்த உள் நகர்வை அதிலிருந்து கழிக்க வேண்டும். அகலமான ரிம்மில் அதே டயரும் கொஞ்சம் விரியும், ரிம் அரை அங்குலம் கூடினால் டயரின் குறுக்களவு ஏறக்குறைய 5 மி.மீ. கூடும். அதில் பாதி உள்பக்கம். எல்லாம் போக 12 மி.மீ. மிஞ்சினால் துணிந்து வாங்கலாம், 6 க்குக் கீழே வந்தால் வேறு வீல் பார்ப்பதே மேல். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸில் பக்கவாட்டிலும் சற்று ஆடும், ஷாக்கிள் புஷ் தேய்ந்திருந்தால் இன்னும் ஆடும்.

டயரின் உயரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 235/75 ஆர்15 இன் விட்டம் 733 மி.மீ., 265/70 ஆர்16 இன் விட்டம் 777. இது 6 சதவீதம் அதிகம், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63 ஐத் தாண்டிப் போகும். நான்கு சக்கர ஓட்டத்தில் நான்கு டயரும் ஒரே விட்டம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிரேக் இடைவெளியைப் பொறுத்தவரை பெட்டிகளுக்குப் பூஜ்யம் போடலாம். காரணம் அவை முட்டாள்தனமானவை என்பதல்ல. விட்டமும் அகலமும் ஒன்றாயிருந்தாலும் வீலின் உட்குழிவும் ஆரத்தின் பின்புற வளைவும் டிசைனுக்கு டிசைன் மாறும், அந்த விவரம் அட்டவணையில் அடங்காது. டிரம் பிரேக்குக்காகச் செய்த 15 அங்குல ஸ்டீல் வீல், பின்னாளில் டிஸ்க்காக மாற்றிய ஹப்பில் காலிப்பரின் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தின்) முதுகில் முட்டும். 16 வேண்டும் என்று சொல்லும் காலிப்பர் எல்லா 16 க்கும் ஒத்துவரும் என்பதும் இல்லை. சோதிக்கும் வழி எளிது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டைகளாக்கி காலிப்பரின் மேல்முதுகிலும் வெளிமுகத்திலும் ஒட்டி, டயர் இல்லாத வெறும் வீலை மாட்டி, இரண்டு நட்டைக் கையால் இறுக்கி, மெல்ல ஒரு சுற்று சுற்றிக் கழற்றிப் பார்க்க வேண்டும். நசுங்கி மிஞ்சிய களிமண்ணின் தடிமன் எந்த இடத்திலும் 3 மி.மீ. க்குக் குறையக் கூடாது. உள்ளே ஒட்டும் பேலன்ஸ் எடைக்கு இன்னும் இடம் வேண்டும். இந்தச் சோதனையைப் புது பிரேக் பேட் போட்ட நிலையில் செய்ய வேண்டும் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மிதக்கும் காலிப்பரில் பேட் தேயத் தேய காலிப்பர் உட்பக்கம் நகரும். தேய்ந்த பேடோடு பார்த்தால் இடைவெளி தாராளமாகத் தெரியும், புது பேட் போட்ட அன்று வீலின் ஆரம் காலிப்பரைச் சுரண்டத் தொடங்கும்.

டிரம் வண்டியில் வேறொரு சின்ன விஷயம். டிரம் விழாமல் இருக்க ஸ்டட்டில் மெல்லிய தகட்டுக் கிளிப் மாட்டியிருப்பார்கள். பழைய ஸ்டீல் வீலின் பின்புறத்தில் அதற்கு இடம் இருந்திருக்கும், அலாய் வீலின் தட்டையான முகத்தில் இருக்காது. கிளிப்பைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் வீல் ஒரு மி.மீ. தூக்கி உட்கார்ந்து, நட் எத்தனை முறை இறுக்கினாலும் தளரும்.

நட்டைப் பற்றிப் பெட்டி ஒன்றும் சொல்லாது. அதிகபட்சம் ‘நட் செட்டும் சேர்த்து வாங்குங்கள்’ என்று ஒரு பொத்தான் காட்டும். பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது மரை. பழைய அமெரிக்க வண்டிகள் பலவற்றில் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. டொயோட்டாவில் எம்12×1.5 (12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ.), நிஸானில் எம்12×1.25. எஃப்-150 இல் 2004–2014 எம்14×2.0, 2015 முதல் எம்14×1.5. எம்12×1.5 நட் அரை அங்குல ஸ்டட்டில் ஏறாது, அரை அங்குல நட் எம்12 ஸ்டட்டில் லொடலொடவென்று ஏறிவிடும். பின்னது கொலைகாரப் பிழை. 1960 களின் டாட்ஜ் வண்டிகளில் இடது பக்க ஸ்டட்டுகளுக்கு இடது மரை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், ஸ்டட் முனையில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் இம்பாக்ட் கன்னை எடுத்தால் ஸ்டட் போய்விடும்.

இரண்டாவது உட்காரும் வடிவம். பெரும்பாலான மாற்று வீல்களுக்கு 60 பாகைக் கூம்பு. டொயோட்டாவின் சொந்த அலாய் வீல்களுக்குக் கழுத்து நீண்ட, வாஷர் போட்ட தட்டை நட். அதே வண்டியின் ஸ்டீல் டிஸ்க்குக்கு (ஸ்டீல் வீலுக்கு) கூம்பு நட். ஆகவே ஸ்டீல் டிஸ்க்கிலிருந்து கம்பெனி அலாய்க்கு மாறினாலோ, அலாயிலிருந்து கடையில் வாங்கிய மாற்று வீலுக்கு மாறினாலோ நட்டும் மாறியே ஆக வேண்டும். ஸ்டெப்னி ஸ்டீலாக இருந்தால் அதற்கான நட்டு ஒரு செட்டும் டூல் பையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்டட்டின் நீளம். ஸ்டீல் டிஸ்க்கின் தகடு மெல்லியது, அலாயின் ஹப் முகம் தடிமன். நட் பிடிக்கும் மரை நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. எம்12×1.5 இல் அது எட்டுச் சுற்று, அரை அங்குலத்தில் பத்து, எம்14×2.0 இல் ஏழு. வீலை மாட்டி, நட் மரையைப் பிடித்த நொடியிலிருந்து உட்காரும் வரை எண்ணினால் போதும். எண்ணிக்கை குறைந்தால் நீண்ட ஸ்டட் அடிக்க வேண்டும். மறுபுறம், மூடிய தொப்பி நட்டில் நீண்ட ஸ்டட்டின் முனை தொப்பியின் உச்சியில் முட்டிவிடும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும், ஆனால் வீல் இறுகியிருக்காது.

பாரம் தாங்கும் திறன் சில தளங்களில் ஒரு மூலையில் எழுதியிருக்கும், ஆனால் அதை வைத்து வடிகட்டித் தருவதில்லை. இதை ஒரு பெரிய குறையாகவே சொல்ல வேண்டும். வண்டியின் கதவுத் தூணிலுள்ள தகட்டில் பின் ஆக்ஸிலுக்கு 1,700 கிலோ என்றிருந்தால் ஒரு வீல் குறைந்தது 850 கிலோ தாங்க வேண்டும். கார்களுக்காகச் செய்த வீல்கள் பிசிடி ஒத்துப்போவதால் பிக்கப் பட்டியலிலும் வந்து உட்காருகின்றன. அவற்றில் பல 700 கிலோவுக்கு அருகிலேயே நின்றுவிடும். வீலின் பின்புறம் வார்ப்பில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. ஜப்பானிய முத்திரைகளில் ஜேடபிள்யூஎல் என்றால் பயணிகள் கார், ஜேடபிள்யூஎல்-டி என்றால் இலகு ரக டிரக். முன்னது மட்டும் இருந்தால் பாரம் ஏற்றும் வண்டிக்கு அது வேண்டாம். காற்றழுத்தமும் இதோடு சேர்ந்தது. பாரம் தாங்கும் பத்து பிளை டயருக்கு 80 பிஎஸ்ஐ வரை காற்றடிக்க வேண்டி வரும், சாதாரண ரப்பர் வால்வு 65 ஐத் தாண்டாது. வால்வுத் துளையும் இரண்டு அளவு, 11.5 மி.மீ. வாக்கில் ஒன்று, 15.7 வாக்கில் ஒன்று. பழைய டிரக் டிஸ்க்குகளில் பெரியது நிறைய இருக்கும். அதில் சிறிய வால்வைச் செருகினால் காற்று கசியாமல் சில நாள் நின்றுவிட்டு, நெடுஞ்சாலையில் பிடுங்கிக்கொண்டு போகும்.

பெட்டிகள் காட்டும் சரக்கில் எது பழைய பிக்கப்புக்கு உருப்படி? வேலைக்கு ஓடும் வண்டிக்கு ஸ்டீல் வீல்தான். வளைந்தால் தெரியும், உடைந்து சிதறாது, பேக்ஸ்பேசிங் பல அளவில் கிடைக்கும். எடை கூடுதல், பெயின்ட் பிரிந்த இடத்தில் துரு ஏறும். இரண்டு பிசிடிக்குப் பத்துத் துளை போட்ட அலாய் வீல்கள் பார்க்கக் கச்சிதமாக இருந்தாலும், துளைக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சும் உலோகம் குறைவு. இலேசான வண்டிக்குச் சரி, பாரம் ஏற்றும் வண்டிக்கு இல்லை. அடாப்டர் என்ற பெயரில் பிசிடியை மாற்றித் தரும் தடித்த தட்டுகள் 32 மி.மீ. க்குக் குறைந்தால் பழைய ஸ்டட்டின் முனை வெளியே நீட்டி, புது வீலின் முகத்தில் முட்டும். தடிமன் கூடினால் வீல் அத்தனை மி.மீ. வெளியே வரும். அதன் நட்டுகளை டார்க் பார்க்க ஒவ்வொரு முறையும் வீலைக் கழற்ற வேண்டும், யாரும் கழற்றுவதில்லை. சரியான வீலே சந்தையில் இல்லாத அபூர்வமான வண்டிக்கு மட்டும் அதை ஒத்துக்கொள்ளலாம்.

பெட்டிகள் சிவப்பில் எச்சரிக்க வேண்டிய, ஆனால் எச்சரிக்காத ஒன்று: 16.5 அங்குல ரிம். எழுபதுகள், எண்பதுகளின் கனரக அமெரிக்க பிக்கப்புகளில் இது சகஜம். டயர் உட்காரும் விளிம்பின் சரிவு 15 பாகை, மற்ற ரிம்களில் 5 பாகை. 16 அங்குல டயரை அதில் இழுத்து மாட்டிவிட முடியும், காற்றடிக்கும்போது விளிம்புக் கம்பி அறுந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. ரிம்மில் 16.5 என்று பொறித்திருந்தால் அதை அப்படியே கழித்துவிட்டு 16 அங்குல வீலாக வாங்க வேண்டும். அதற்கு டயர் தேடுவதில் அர்த்தமில்லை. வளையம் கழன்று வரும் பல துண்டு ரிம்களையும் கூண்டு வைத்திருக்கும் கடையைத் தவிர வேறெங்கும் தொடக் கூடாது.

திருப்பி அனுப்பும் விதி எப்படி என்று பணம் கட்டும் முன்பே படித்துக்கொள்ள வேண்டும். டயர் ஏற்றிய வீலைத் திரும்ப எடுப்பவர்கள் அரிது. ஆகவே நான்கையும் டயர் இல்லாமல் வெறுமையாக மாட்டிப் பார்க்கும் வரை டயர் கடைக்குப் போக வேண்டாம். ஸ்டெப்னியும் இந்தச் சோதனைக்குள் வரும். தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னியைப் பிடிக்கும் தட்டு, புது வீலின் நடுத்துளை பெரிதாக இருந்தால் அதன் வழியே நழுவி வந்துவிடும்.

மாட்டும் நாளில் ஹப் முகத்தையும் வீல் முகத்தையும் வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும் வரை தேய்த்து, ஸ்டட்டில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாதி இறுக்கம் வரை கொண்டுபோக வேண்டும். தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்ச். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. அது கைவசம் இல்லாதபோது எம்12 க்கு 110 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 135 என்பவை பழகிய எண்கள். எம்14 க்கு ஃபோர்டும் ஜிஎம்மும் 190–204 சொல்கின்றன. 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் சூடாறியபின் மறுபடி டார்க் பார்க்க வேண்டும். அப்போது டயரின் உட்சுவரையும் மட்கார்டின் உள்விளிம்பையும் டார்ச் அடித்துப் பார்த்தால், உரசிய இடம் பளபளவென்று தெரியும். ஒரு நட் மட்டும் கால் சுற்றுக்கு மேல் ஏறினால் அந்த வீலைக் கழற்றி, கூம்பு உட்காரும் இடத்தில் பெயின்ட் நசுங்கியிருக்கிறதா, ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் மட்டும் நசுங்கியிருந்தால் மறுபடி இறுக்கி ஓட்டலாம். ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் பிசிடியை மீண்டும் அளக்கும் வரை அந்த வண்டி நகரக் கூடாது.